மறிக்கிறவன் பெயர் மைக்கில் வராது!

"பையன் நல்லா பாடுறான், அது சரி. ஆனா மறிக்கத் தெரியுமா?"

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் என்று வரிசையாக ஊர்கள் வரும். இந்தப் பக்கம் மட்டுமில்லை, தமிழ்நாட்டில் பொங்கலுக்குக் கபடிப் போட்டி நடத்தும் எந்த ஊருக்குப் போனாலும் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கும் கூட்டத்தில் இந்தக் கேள்வி காதில் விழும். ஒரு புதுப் பையனை அணியில் எடுத்திருப்பார்கள். வயது இருபது கூட இருக்காது. ஒரு தடவை ஓடி வருகிற ஆளை மறித்து நிறுத்தினால் "பாத்தியா, இவன்தான் சுவர்" என்பார்கள். அடுத்த தடவை கொஞ்சம் முந்திப் பாய்ந்து புள்ளியை விட்டுவிட்டால், "இவனை யாருப்பா கவர்ல நிறுத்தினது?" என்று அதே வாய் கேட்கும்!

இது வெறும் அரட்டை மாதிரி தெரியும். ஆனால் இதற்குள் நூறு வருஷத்துக் கபடி வரலாறு இருக்கிறது. விளையாட்டில் யாருடைய உழைப்பு எண்ணப்படுகிறது, யாருடையது எண்ணப்படுவதில்லை என்ற கேள்வியும் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கப் போகிறது.

மறிப்பது என்றால் என்ன?

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக...

ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுவில் ஒரு கோடு. அணிக்கு 7 பேர். பாடிப் போகிற ரெய்டர் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தள்ளி இருக்கும் பால்க் கோட்டையாவது தாண்ட வேண்டும், அல்லது யாரையாவது தொட வேண்டும். அதற்கு அப்பால் இன்னும் 1 மீட்டரில் போனஸ் கோடு. அதாவது போனஸுக்குப் போன ரெய்டர் தன் வீட்டிலிருந்து கிட்டத்தட்ட 5 மீட்டர் உள்ளே வந்துவிட்டார். திரும்பிப் போக வேண்டிய அந்த 5 மீட்டரில்தான் மறிப்பவருக்கு வேலை.

இரண்டு ஓரங்களிலும் நிற்பவர்கள் கார்னர். கணுக்கால் பிடி, தொடைப் பிடி எல்லாம் பெரும்பாலும் இவர்கள் வேலை. உள்ளே நிற்பவர்கள் கவர். கவரின் முக்கிய ஆயுதங்கள் இரண்டு. ஒன்று டேஷ், அதாவது ரெய்டரை மோதிக் கோட்டுக்கு வெளியே தள்ளுவது. இன்னொன்று பிளாக், அதாவது மறிப்பு. ரெய்டர் திரும்பும் அந்த ஒரு நொடியில் அவருக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவில் போய் நிற்பது. கையால் பிடிப்பது இல்லை, நெஞ்சையே கதவு மாதிரி சாத்துவது!

கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். அரை நொடி முன்னால் போனால் ரெய்டர் தொட்டுவிட்டு நழுவிவிடுவார், சும்மா போயிருக்க வேண்டிய பாட்டில் ஒரு புள்ளி போச்சு. தொலைக்காட்சி வர்ணனையில் "அட்வான்ஸ் டேக்கிள்" என்று திட்டுவது இதைத்தான். அரை நொடி பின்னால் போனால் ரெய்டரின் முதுகுதான் தெரியும். நடுவில் இருக்கும் அந்தக் கண் சிமிட்டும் நேரம்தான் மறிப்பவனின் மொத்த வாழ்க்கையும்.

மூச்சு அளந்த காலம்

தமிழ்நாட்டில் சடுகுடு, ஆந்திராவில் செடுகுடு, வங்காளத்தில் ஹாடுடு, மகாராஷ்டிராவில் ஹுதுது. பெயர் பல, ஆட்டம் ஒன்று. பழைய ஆட்டத்தில் கடிகாரம் கிடையாது, நேரத்தை அளந்தது ரெய்டரின் மூச்சுதான். பாட்டு நின்றால் ஆள் அவுட். அதனால் அன்றைக்குத் தடுப்பவரின் வேலை, மூச்சு முடியும் வரை ஆளைத் தன் பக்கத்திலேயே நிறுத்தி வைப்பது. எத்தனை நொடி நிறுத்தினான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஊர்க்காரர்களின் ஞாபகம்தான் பதிவேடு.

இந்த ஆட்டத்துக்கு எழுதப்பட்ட விதிகள் மகாராஷ்டிராவில் 1918 வாக்கில் தொடங்கி 1923-ல் ஒழுங்கு பெற்றன. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ் சமயத்தில் அமராவதியைச் சேர்ந்த ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழு அங்கே போய் கபடியை ஆடிக் காட்டியது. 1950-ல் அகில இந்தியக் கபடி சம்மேளனம் உருவானது. ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1952-ல் நடந்தது. எங்கே தெரியுமா? நம்ம மதராஸில்!

விதிகள் எழுதப்படும் முன் ஆட்டம் மூன்று விதமாக நடந்தது. அமர் முறையில் அவுட் ஆனவரும் களத்திலேயே இருப்பார், எதிரணிக்குப் புள்ளி மட்டும் போகும். காமினி முறையில் அவுட் ஆனவர் வெளியே போனால் போனதுதான், மொத்த அணியும் அவுட் ஆகும் வரை திரும்ப முடியாது. சஞ்சீவனி முறையில் எதிரணியில் ஒருவர் அவுட் ஆனால் நம் அணியில் வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவர் உயிர்த்து உள்ளே வருவார். இன்றைய கபடி இந்த மூன்றாவது முறையிலிருந்து வந்தது.

மறிப்பவனின் மதிப்பைத் தீர்மானித்தது இந்தத் தேர்வுதான். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது உடனே புரியும். இரட்டைப் பதிவு முறை! ஒரு ரெய்டரைப் பிடித்தால் நமக்கு 1 புள்ளி வரவு. எதிரணியில் ஓர் ஆள் குறைவு, அதுவும் பெரும்பாலும் அவர்களுடைய முக்கியமான ஆள். நம் பக்கம் யாராவது வெளியே உட்கார்ந்திருந்தால் அவர் உள்ளே வருகிறார். ஒரே நடவடிக்கை, இரண்டு பக்கமும் பதிவு. போனஸ் புள்ளிக்கு இந்தப் பலன் இல்லை, ஏனென்றால் போனஸால் யாரும் உயிர்ப்பதில்லை. ஆக, ஸ்கோர்போர்டில் பிடிக்கும் போனஸுக்கும் ஒரே மாதிரி 1 என்றுதான் எழுதுவார்கள், ஆனால் இரண்டும் ஒரே 1 இல்லை.

எண்ணத் தொடங்கிய பிறகு...

1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்க ஆட்டமானது. அன்று தொடங்கி 2014 வரை நடந்த 7 ஆசிய விளையாட்டுகளிலும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்குத்தான். தமிழ்நாட்டிலிருந்து எஸ். ராஜரத்தினம் 1994-க்கும், மணத்தி பி. கணேசன் 1995-க்கும் அர்ஜுனா விருது பெற்றார்கள். ஆனால் அந்தக் காலத்து ஆட்டங்களில் எந்தக் கவர் எத்தனை பேரை மறித்தார் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணியவர் இல்லை.

எண்ணிக்கை வீடு வீடாக வந்து சேர்ந்தது 2014 ஜூலை 26-ல். அன்றுதான் 8 அணிகளோடு புரோ கபடி லீக் தொடங்கியது. 30 நொடி ரெய்டு, இரண்டு வெற்று ரெய்டுக்குப் பிறகு 'டூ ஆர் டை', மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் 'சூப்பர் டேக்கிள்' என்று கூடுதல் புள்ளி. தொலைக்காட்சித் திரையின் கீழே ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக ரெய்டு புள்ளி, டேக்கிள் புள்ளி ஓடத் தொடங்கியது. தடுப்பவர்களுக்கு முதல் தடவையாக ஒரு பேரேடு கிடைத்தது. நல்ல விஷயம்தானே?

நல்ல விஷயம்தான், ஆனால் பேரேட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு பிடியில் மூன்று நான்கு பேர் விழுந்தாலும் டேக்கிள் புள்ளி ஒருவர் கணக்கில்தான் ஏறும், பெரும்பாலும் பிடியை ஆரம்பித்தவர் கணக்கில். கார்னர் கணுக்காலைப் பிடிக்கிறார். ரெய்டர் ஒற்றைக் காலில் நடுக்கோட்டை நோக்கித் தாவுகிறார். குறுக்கே வந்து கவர் மறிக்கிறார். ரெய்டர் விழுகிறார். மைக்கில் யார் பெயர்? கார்னர் பெயர்! கவர் வராமல் இருந்திருந்தால் அதே ரெய்டர் விரலை நீட்டிக் கோட்டைத் தொட்டிருப்பார், கார்னர்தான் வெளியே போயிருப்பார்.

சில எண்களைப் பாருங்கள். 2017 சீசனில் பர்தீப் நர்வால் எடுத்த ரெய்டு புள்ளிகள் 369. ஒரே சீசனில் 100 டேக்கிள் புள்ளி எடுத்த முதல் வீரர் உ.பி. யோத்தா அணியின் நிதேஷ் குமார், 2018-ல். ரெய்டருக்கும் தடுப்பவருக்கும் இவ்வளவு தூரம். அந்த நிதேஷும் கார்னர்தான். ஏலத்தையும் பாருங்கள். 2016 ஏலத்தில் அதிக விலை போனவர் மோஹித் சில்லர், 53 லட்சம், வலது கார்னர். 2018-ல் முதன்முதலாக 1 கோடியைத் தொட்டவர் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி, இடது கார்னர். 2023-ல் 2.35 கோடிக்குப் போன முகமதுரேசா ஷாட்லூயி, அவரும் இடது கார்னர். கவர்களுக்கும் நல்ல விலை கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் தடுப்பவர்களிலேயே உச்ச விலை ஓரத்தில் நிற்பவருக்குத்தான்.

யு மும்பா சொல்லும் கதை

"கார்னர்தான் திறமைசாலி, அதனால்தான் விலை" என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு யு மும்பா கதையைச் சொல்ல வேண்டும்.

முதல் மூன்று சீசனிலும் யு மும்பா இறுதிப் போட்டிக்குப் போனது. 2014-ல் ஜெய்ப்பூரிடம் 24-35 என்று தோற்றது. 2015-ல் பெங்களூரு புல்ஸை 36-30 என்று வென்று கோப்பையை எடுத்தது. 2016 தொடக்கத்தில் நடந்த மூன்றாவது சீசனில் பாட்னாவிடம் 28-31 என்று தோற்றது. அனூப் குமாரின் தலைமையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், அது நியாயம்தான். ஆனால் அந்த அணியின் முதுகெலும்பு பின்னால் நின்ற நான்கு பேர். ஓரங்களில் மோஹித் சில்லரும் சுரேந்தர் நாடாவும். உள்ளே கவரில் விஷால் மானேயும் ஜீவா குமாரும். இதில் ஜீவா குமார் தமிழ்நாட்டுக்காரர், மறிப்பதில் பெயர் எடுத்தவர்.

2016 ஏலத்துக்குப் பிறகு நால்வர் கூட்டு உடைந்தது. இரண்டு கார்னர்களும் பெங்களூரு புல்ஸுக்குப் போனார்கள். என்ன ஆனது? நான்காவது சீசனில் யு மும்பா முதல் தடவையாக அரையிறுதிக்குப் போகவில்லை. சரி, கார்னர்களை வாங்கிய பெங்களூரு? அவர்களும் போகவில்லை!

ஒரு சீசன் முடிவுக்குப் பல காரணங்கள் இருக்கும், இதை மட்டும் வைத்து முழுத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் ஒன்று யோசிக்க வைக்கிறது. பேரேட்டில் மோஹித் பெயரில் இருந்த புள்ளிகளில் ஒரு பங்கு உள்ளே நின்ற கவர்களுடையது. விலைக்கு வாங்கியபோது மோஹித் வந்தார், அந்தப் பங்கு வரவில்லை. கம்பெனிக் கணக்கில் நற்பெயர் என்று ஒரு சொத்து உண்டு. கம்பெனியோடு சேர்த்துத்தான் விற்க முடியும், தனியாகக் கழற்றி விற்க முடியாது. தடுப்பும் அந்த மாதிரிதான்.

அமெரிக்காவிலும் இதே வழக்கு

இது கபடிக்கு மட்டும் வந்த நோய் இல்லை. அமெரிக்கக் கால்பந்து என்று ஒரு ஆட்டம், பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு மோதி ஓடுவது. அதில் ஃபுல்பேக் என்று ஒரு இடம் உண்டு. முன்பெல்லாம் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெரிய ஆளே ஃபுல்பேக்தான். 1957 முதல் 1965 வரை ஆடிய ஜிம் பிரவுன் 12,312 யார்டு ஓடியது அந்த இடத்தில் நின்றுதான். பிறகு ஆட்டம் மாறியது. ஃபுல்பேக் முன்னால் ஓடிப் போய் எதிராளியை மோதித் தடுப்பவர் ஆனார். அவர் திறந்துவிட்ட வழியில் பின்னால் வருபவர் பந்தோடு ஓடிப் புகழ் பெறுவார்.

டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் எம்மிட் ஸ்மித் மொத்தம் 18,355 யார்டு ஓடி என்.எஃப்.எல் சாதனை படைத்தவர். அவருக்குப் பல வருஷம் வழி திறந்தவர் டேரில் ஜான்ஸ்டன். 2010-ல் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது எம்மிட் ஸ்மித் மேடையிலிருந்தே ஜான்ஸ்டனுக்கு நன்றி சொல்லிக் கண் கலங்கினார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஜான்ஸ்டனும் அழுதார். லோரென்சோ நீல் கதை இன்னும் சுவாரசியம். 1997 முதல் 2007 வரை 5 அணிகளுக்கு ஆடினார். அந்த 11 சீசனிலும் அவர் யாருக்கு வழி விட்டாரோ அந்த ஓட்டக்காரர் 1000 யார்டைத் தாண்டினார்! அணி மாறினாலும் ஓட்டக்காரர் மாறினாலும் முன்னால் மோதிய ஆள் ஒருவர்தான்.

மோதித் தடுப்பதற்கு என்.எஃப்.எல்லில் இன்றும் அதிகாரப்பூர்வமான எண்ணிக்கை இல்லை. அதனால் ஒரு இளம் ஃபுல்பேக் வந்தால் அங்கேயும் ரசிகர்கள் இதையேதான் கேட்டுச் சண்டை போடுவார்கள். பந்தோடு ஓடுகிறான் சரி, மறிக்கத் தெரியுமா? செம்மங்குப்பத்தில் நின்றாலும் டல்லாஸில் நின்றாலும் கேள்வி ஒன்றுதான்.

தலைவாஸும் இளம் கைகளும்

நம் பக்கத்துக்கு வருவோம். 2017-ல் புரோ கபடி 12 அணிகளாக விரிந்தபோது தமிழ் தலைவாஸ் வந்தது. முதல் சீசன்கள் ரசிகர்களுக்கு வேதனைதான், அட்டவணையின் அடியிலேயே கிடந்தது அணி. 2021-22 சீசனில் நிர்வாகம் இளைஞர்களை நம்பிப் பின்வரிசையில் நிறுத்தியது. அணி 11-வது இடம்தான். ஆனால் வலது கார்னரில் நின்ற இளைஞர் சாகர் ரதீ 82 டேக்கிள் புள்ளிகள் எடுத்தார். அந்த சீசனில் ஷாட்லூயிக்கு (89) அடுத்த இடம்.

2022-ல் 2.26 கோடி கொடுத்து வாங்கிய பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயம் பட்டு வெளியேறினார். எல்லோரும் கதை முடிந்தது என்றார்கள். முடியவில்லை! முன்னால் நரேந்தர் அறிமுக சீசனிலேயே 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். பின்னால் சாகர், சாஹில் குலியா ஓரங்களிலும், மோஹித், தமிழ்நாட்டு இளைஞர் எம். அபிஷேக் போன்றவர்கள் கவரிலும் நின்றார்கள். அணி முதல் தடவையாக அரையிறுதிக்குப் போய், புனேரி பல்தானிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

இப்படி ஒரு இளம் பின்வரிசை வந்தால் விவாதமும் கூடவே வரும். ஒரு கட்சி சொல்லும்: "கவரில் நிற்கிற பசங்க அவசரக்காரர்கள். ஆளைப் பார்க்காமல் பாய்கிறார்கள், சும்மா போகிற ரெய்டில் புள்ளியைத் தானம் செய்கிறார்கள்." இன்னொரு கட்சி சொல்லும்: "கவர் பாய்வதால்தான் ரெய்டர் பயந்து ஓரத்துக்கு ஒதுங்குகிறார், கார்னர் கையில் மாட்டுகிறார். அந்தப் புள்ளியில் பாதி இவனுடையது."

இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். முதல் கட்சிக்குக் கையில் எண் இருக்கிறது, விட்ட புள்ளி பலகையில் தெரியும். இரண்டாவது கட்சிக்கு எண் இல்லை. நடக்காமல் போன ரெய்டை எப்படி எண்ணுவது? அதனால் வாதத்தில் முதல் கட்சி எப்போதும் ஜெயித்த மாதிரி தோன்றும்.

வயதையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2016-ல் பாட்னா பைரேட்ஸ் ஜெய்ப்பூரை 37-29 என்று வென்று கோப்பையை எடுத்தது. அந்த அணியில் ரெய்டில் கலக்கிய பர்தீப் நர்வாலுக்கு வயது 19. அணித் தலைவர் தர்மராஜ் சேரலாதன், திருச்சானம்பூண்டிக்காரர், தஞ்சாவூர் மாவட்டம். தடுப்பு வீரர். அவருக்கு வயது 41! எல்லோரும் அவரை 'அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். 44 வயதில், 2019-ல், ஹரியானா ஸ்டீலர்ஸுக்கும் தலைமை தாங்கினார். ரெய்டருக்கு வேகம் முதல், அது 19 வயதிலேயே கைக்கு வந்துவிடும். தடுப்பவனுக்குக் கண் முதல். ரெய்டரின் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் காலில் எடை இருக்கிறது என்று படிக்கிற கண். அது வர வருஷங்கள் ஆகும். இருபது வயதுக் கவரை ஒரு சீசனில் எடை போடுவது, நட்ட வருஷமே தென்னையில் இளநீர் தேடுவது மாதிரி.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

தொலைக்காட்சியில் வருபவர்களுக்கு விவாதம் ஒரு வாரத்துச் செய்தி. சிப்காட் ஓரத்து ஊர்களில் ஆடுகிற பையனுக்கு அது வாழ்க்கை. கபடிக்காரர்களை ரயில்வேயும் காவல்துறையும் பொதுத்துறை நிறுவனங்களும் விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுக்கின்றன. தேர்வுக்கு வருபவர் கண்ணில் படுவது யார்? பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வருகிறவன். கூட்டம் விசில் அடிப்பது அவனுக்கு. சினிமாவிலும் அப்படித்தான், 'கில்லி' கிளைமாக்ஸில் ஹீரோ பாடித்தானே போகிறார்! மறித்து நின்றவன் பெயர் ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரியும்.

இதனால் என்ன ஆகும் என்று பொருளாதாரம் படித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். எதற்குப் பரிசோ அதைத்தான் எல்லோரும் செய்வார்கள். பத்து பையன்கள் வந்தால் எட்டுப் பேர் ரெய்டர் ஆக ஆசைப்படுவார்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரெய்டைத் தனியாகப் பழகலாம். ஓடலாம், குனியலாம், காலை நீட்டலாம், எதிரில் இரண்டு பேர் இருந்தாலே போதும். மறிப்பைத் தனியாகப் பழக முடியாது. கார்னர் எப்போது இறங்குவான், பக்கத்தில் கை கோத்து நிற்பவன் எப்போது இழுப்பான் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஏழு பேரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், நாள்தோறும் வேண்டும். ஷிஃப்ட் வேலைக்காரர்கள் நிறைந்த ஊரில் இது எவ்வளவு கஷ்டம்! ஒருவனுக்குக் காலை ஷிஃப்ட், ஒருவனுக்கு இரவு ஷிஃப்ட், ஒருவன் ஒப்பந்த வேலைக்கு எந்த நேரம் கூப்பிட்டாலும் போக வேண்டும். சாயங்காலம் மைதானத்தில் நாலு பேர் சேர்ந்தால் பெரிய விஷயம். அந்த நாலு பேரில் ரெய்டர் தேறுவான், கவர் தேற மாட்டான். இப்படிப்பட்ட அணியில் பொங்கல் போட்டிக்கு முதல் நாள் ஒரு பையனைக் கவரில் நிறுத்திவிட்டு, "இவனுக்கு மறிக்கத் தெரியலை" என்று தீர்ப்புச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

ரசாயனத் தொழிற்சாலையில் இரவு முழுக்க விழித்திருந்து வால்வையும் அழுத்தமானியையும் பார்த்துக்கொள்கிற ஆளை நினைத்துப் பாருங்கள். அவர் வேலையைச் சரியாகச் செய்தால் காலையில் செய்தி எதுவும் இருக்காது. அவருடைய வெற்றியே அந்த 'எதுவும் நடக்கவில்லை'தான். லாப நட்டக் கணக்கில் அதற்கு ஒரு தலைப்பும் கிடையாது.

அப்படியானால் எப்படி எடை போடுவது?

எண்ணை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. எண்ணோடு சேர்த்து நான்கு விஷயங்களைப் பார்க்கலாம்.

1) அவன் போனது கார்னர் பிடித்த பிறகா, பிடிக்கும் முன்பா? முன்பே போனால் அவசரம், பிறகு போனால் துணை.

2) கால் எங்கே இருக்கிறது? ரெய்டருக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவில் இருந்தால் மறிப்பு. ரெய்டருக்குப் பின்னால் இருந்தால் அது வெறும் துரத்தல்.

3) அது எந்த ரெய்டு? டூ ஆர் டை ரெய்டில் ரெய்டர் வந்தே ஆக வேண்டும், அப்போது காத்திருப்பவன் புத்திசாலி. முதல் ரெய்டிலேயே பாய்பவனைத் திட்டலாம், தப்பில்லை.

4) அவன் வெளியே உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துக் கார்னரின் பிடிகள் என்ன ஆகின்றன? கார்னரும் தடுமாறினால், அதுவரை யார் வேலை நடந்துகொண்டிருந்தது என்று புரிந்துவிடும். ஜான்ஸ்டனையும் லோரென்சோ நீலையும் எடை போட்டது இப்படித்தான், பக்கத்து ஆளின் கணக்கைப் பார்த்து.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் ஈரான் இந்தியாவை 27-18 என்று வீழ்த்தியது. 1990-லிருந்து யாரும் அசைக்காத தங்கம் போனது. நம் ரெய்டர்கள் உலகின் சிறந்தவர்கள் என்று பேசிக்கொண்டிருந்த நேரம் அது. 40 நிமிடத்தில் அவர்களுக்கும் போனஸுக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைத்தது வெறும் 18. அன்று ஜெயித்தது ஈரானின் பின்வரிசை. 2023-ல் ஹாங்சோவில் அதே ஈரானை 33-29 என்று வென்று தங்கத்தை இந்தியா மீட்டது என்பது வேறு கதை. ஆனால் ஜகார்த்தா சொல்லிக் கொடுத்த பாடம் மாறவில்லை. பாடுகிறவர்கள் ஆட்டத்தை அழகாக்குவார்கள், மறிக்கிறவர்கள் அதைத் தீர்மானிப்பார்கள்.

அடுத்த பொங்கலுக்கு உங்கள் ஊரில் போட்டி நடக்கும்போது ரெய்டரை விட்டுவிட்டு, ஒரே ஒரு ஆட்டம் முழுக்க ஒரு கவரை மட்டும் பாருங்கள் நண்பர்களே. எத்தனை தடவை ரெய்டர் அவன் பக்கம் வராமலே திரும்பிப் போகிறார் என்று விரல் விட்டு எண்ணுங்கள். மைக்கில் அந்தக் கணக்கை யாரும் சொல்ல மாட்டார்கள். எண்ணியவர்கள்தான் பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்ல வேண்டும்.